விரல் விரலாகக் கட்டிய கை

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் கட்டக்கா. கட்டுப் போடுகிற அக்கா, அவ்வளவுதான் விளக்கம். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள அவளுக்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. மூக்குக்கு மேல் கோபம் வருகிற பெண்மணி. கழுவாத கையோடு யாராவது ஒரு புண்ணைத் தொட்டுவிட்டால் போதும், அவருடைய பரம்பரையே வார்டு நடுவில் வந்து நின்று திட்டு வாங்கும்.

அந்தக் கோபம் அவள் பிறந்த வீட்டிலேயே தொடங்கியது. அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். பகலில் மூட்டையை அடிக்க முடியாது என்பதால் வீட்டுக்கு வந்து அம்மாவை அடிப்பார். பெல்ட்டின் தோல் பக்கம் பட்டால் தடிக்கும், கொக்கி பட்டால் கிழியும். பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்தக் கிழிசலை உப்புத் தண்ணீரில் கழுவிப் பழைய வேட்டித் துணியால் கட்டியது மூத்த மகள்தான். இறுக்கினால் அம்மா பல்லைக் கடிப்பாள், தளர்த்தினால் ரத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது என்பதை அவள் அப்போதே கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் குறுக்கே போய் நின்றதில் அவளுடைய முன்பல் ஒன்று உடைந்து தரையில் உருண்டது. தங்கை அப்போது கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். அடி விழும் சமயங்களில் தங்கையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ‘பாப்பா, காதைப் பொத்திக்கோ’ என்று சொல்வதும் மூத்தவள் வேலைதான்.

பிறகு அவள் நர்ஸ் படிப்புப் படித்தாள், எல்லா வார்டிலும் மாடாய் உழைத்தாள், அதற்கும் பிறகு புண்ணையும் தீக்காயத்தையும் மட்டுமே பாடமாக எடுத்து மேலே படித்து வந்தாள். சிறப்புச் செவிலியர் என்று புதிதாக ஒரு பதவி போட்டுக் கொடுத்தார்கள். பதவி வந்தது, உட்கார நாற்காலி வரவில்லை.

“உங்களுக்கு எந்த வார்டு?” என்று கேட்டாள் ஒரு தலைமை நர்ஸ்.

“எல்லா வார்டும்.”

“எல்லா வார்டும்னா ஒரு வார்டும் இல்லன்னுதானே அர்த்தம்?”

அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. கட்டக்காவுக்கென்று படுக்கைகள் கிடையாது. எந்த வார்டில் ஆறாத புண் இருக்கிறதோ அங்கே போவாள். எந்த மருந்து, எந்தத் துணி, எப்போது பிரிப்பது, கட்டைத் தொடுவதற்கு முன் வலி ஊசி போட்டு எவ்வளவு காத்திருப்பது என்பதெல்லாம் அவள் முடிவு. செத்த சதையை அவள் படுக்கையிலேயே வெட்டி எடுக்கலாம். ரத்தம் துளிர்க்கிற சதையில் கத்தி வைக்கக் கூடாது, அது அறுவை டாக்டரின் பேட்டை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. மற்ற நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர்கள் கட்டுகிற கட்டுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தில் யார் கை கட்டினாலும் அது ஒரு வகையில் அவள் கை கட்டியதுதான்.

கைத் தீக்காயத்துக்கு அவள் வைத்திருந்த சட்டம் ஒன்று எல்லா நர்ஸுகளுக்கும் மனப்பாடம். ஒவ்வொரு விரலையும் தனியாகச் சுற்ற வேண்டும், விரலுக்கும் விரலுக்கும் இடையில் துணி வைக்க வேண்டும், கை சுருங்காதபடி பலகை வைத்துக் கட்ட வேண்டும். சோம்பேறித்தனமாக ஐந்தையும் சேர்த்து மூட்டையாகக் கட்டினால், தோல் போன விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிடும். பிறகு அந்தக் கை தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்காது. “விரல் விரலாக் கட்டுங்கடி” என்று அவள் கத்துவது மாடிவரை கேட்கும்.

ஊர் அப்படிப்பட்ட ஊர். பட்டறைகளும் சந்தையும் சாராயக் கடைகளும் ஒரே சாலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கத்திக்குத்து, பாட்டில் குத்து, கொதிக்கிற தார், எரிந்த அடுப்பு என்று சாயங்காலமானால் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டும். குத்தினவனும் குத்துப்பட்டவனும் அடுத்தடுத்த படுக்கையில் கிடந்து, பாதி தைத்த வயிற்றோடு மறுபடியும் மல்லுக்கு நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். இருவர் தலையிலும் ஆளுக்கொன்று போட்டுப் படுக்க வைத்தவளும் அவள்தான். வீட்டில் இதற்கு நேர்மாறாக ஒரு கணவர். தையல்காரர், வாய் பேசாத மனிதர். தீக்காயம் ஆறின கைகளுக்குத் தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான கையுறை வேண்டும் என்று அவள் சொன்னதிலிருந்து, தன் மெஷினில் நோயாளிகளுக்குக் கையுறை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கையைக் கட்டிக்கொண்டவன் லேத் பட்டறை வைத்திருந்தான். நாற்பது தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அவன் கை நீட்டுகிறவன் என்பது கட்டக்காவுக்குத் தெரியும். ஒருமுறை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவனைக் கேட்டும் விட்டாள். அதற்குப் பிறகு பாப்பா அக்கா வீட்டுக்கு வருவதே நின்றுபோனது. “என் குடும்பத்துல தலையிடாதக்கா” என்று ஒரு வார்த்தை சொன்னாள், அத்தோடு போக்குவரத்து முடிந்தது. கட்டக்காவும் வீம்புக்காரி, எக்கேடோ கெட்டுப் போ என்று இருந்துவிட்டாள். அந்த வீம்பை நினைத்துப் பிற்பாடு அவள் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் உணர்ந்தாள்.

ஒருநாள் மத்தியானம் தீக்காய வார்டிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் பட்டறைக்காரன் படுக்கையில் துள்ளிக்கொண்டிருக்கிறான். வலது முழங்கையிலிருந்து விரல் நுனிவரை எண்ணெயில் வெந்து தோல் உரிந்து தொங்குகிறது. புறங்கை வெளுத்துப்போயிருந்தது, அங்கே ஆழமான காயம் என்று அர்த்தம். சுவரோரம் தலைமுடி கொத்தாகப் பிடுங்கப்பட்டு, கழுத்தில் கொப்புளத்தோடு பாப்பா நின்றாள்.

நடந்ததை அவன் வாயே கத்திச் சொன்னது. சாப்பாட்டில் ஏதோ குறை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, அவள் முடியைப் பிடித்து முகத்தைச் சட்டிக்குள் அமுக்கப் போயிருக்கிறான். அவள் திமிறினதில் சட்டி கவிழ்ந்து அவன் கையிலேயே கொட்டிவிட்டது. இதைத் தனக்கு நேர்ந்த அநியாயமாகவே அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அண்ணி, பாத்தீங்களா உங்க தங்கச்சி வேலையை? கட்டின புருஷன் மேல எண்ணெய ஊத்தியிருக்கா!”

கட்டக்கா முதலில் பாப்பாவைக் கட்டுப் போடும் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். கழுத்தில் மருந்து தடவச் சட்டையைத் தளர்த்தியபோது கை நின்றுவிட்டது. முதுகில் கறுப்பு, ஊதா, பச்சை, மஞ்சள். காயத்தின் வயதை நிறத்தில் படிக்கிறவள் அவள். இது நேற்று வாங்கினது, இது போன வாரம், இது அதற்கும் முன்னால். ஊரில் உள்ளவர்களின் முதுகையெல்லாம் திருப்பிப் பார்த்தவள் கூடப் பிறந்தவளின் முதுகைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்து அழுதாள். பாப்பா அழவில்லை.

“போலீஸுக்குப் போவோம், வாடி.”

“போயாச்சுக்கா. இன்ஸ்பெக்டர், ‘புருஷன் பொண்டாட்டி விவகாரம், பேசித் தீத்துக்கங்க’ன்னுட்டாரு.”

“அப்ப என் வீட்டுல இரு.”

“எத்தனை நாளைக்கு?” என்றாள் பாப்பா. “அவருக்குக் கை சரியாகட்டும்க்கா. நான்தானே போய்ப் பாக்கணும்.”

அன்றைக்கே கட்டக்கா அறுவை டாக்டரிடம் போனாள். “இவன் என் தங்கச்சி புருஷன் டாக்டர். நான் இவனைத் தொடக் கூடாது. வேற யாரையாவது போடுங்க.”

“வேற யாரு இருக்கா?” என்றார் அவர். “தொடைத் தோலை எடுத்து ஒட்டுறது என் வேலை, அதை நான் செஞ்சுடுவேன். ஒட்டினதுக்கு அப்புறம் அந்தக் கை கையா இருக்கணும்னா நீங்கதான். முடியலன்னா சொல்லுங்க, நான் எதுவும் நினைச்சுக்க மாட்டேன்.”

அவள் முடியும் என்றாள். வெளியே வந்ததும் ஏன் சொன்னோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தினமும் காலையில் அவள் அவன் படுக்கையருகே உட்கார்ந்தாள். வலி ஊசி போட்டு, காத்திருந்து, பழைய கட்டை நனைத்துப் பிரித்து, செத்த சதையைக் கத்தியால் சீவி எடுத்து, ரத்தம் துளிர்த்ததும் நிறுத்தி, ஒவ்வொரு விரலாகச் சுற்றினாள். அவன் சும்மா கிடக்கிற ஜாதியா? காலால் உதைத்தான், தண்ணீர்க் குவளையை அவள் முகத்தில் எறிந்தான். கொஞ்சம் வலி குறைந்ததும் சிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

“இந்தக் கை மட்டும் சரியாகட்டும் அண்ணி. அப்புறம் இருக்கு அவளுக்கு.”

“வாய மூடிக்கிட்டு விரலை நீட்டுங்க மாப்பிள்ளை.”

“நீங்க கட்டுற கட்டுலதான் இருக்கு. நல்லாக் கட்டுங்க.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள். கத்தி அவள் கையில் இருந்தது. இன்னும் ஒரு நூல் ஆழம் இறக்கினால் விரலை இழுக்கிற நரம்பு அறுந்துவிடும், யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, அது போகிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவனுடைய அண்ணன்மார் இருவர். தம்பியை எண்ணெய் ஊற்றினவளின் அக்காவிடமே ஒப்படைத்திருக்கிறார்கள் என்ற சேதி அவர்கள் காதுக்குப் போனது. பட்டறையிலிருந்து நேரே வார்டுக்குள் நுழைந்தார்கள். மருந்து அலமாரிக் கண்ணாடி முதலில் நொறுங்கியது. படுக்கைகளில் கிடந்தவர்கள் அலற, தள்ளுவண்டி கவிழ்ந்து பாட்டில்கள் உடைந்தன. “எவடி அது, எங்க தம்பி கைய அறுக்கிறவ?” என்று கேட்டுக்கொண்டே மூத்தவன் குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிற இரும்புக் கம்பத்தைப் பிடுங்கி வீசினான். அது கட்டக்காவின் தோளில் விழுந்தது. விழுந்தவள் எழுந்து அவன் முகத்தில் கிருமிநாசினியை ஊற்றினாள். காவலாளிகள் வருவதற்குள் அவளை மறுபடியும் தள்ளிவிட்டு மிதித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிரவே போலீஸ் இருவரையும் பிடித்துக்கொண்டு போனது. தோள் வீங்கி, கையைத் தூக்க முடியாமல் அவள் வீட்டில் கிடந்தாள். கட்டுப் போடும் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சர்க்கரை சொன்னாள்.

சர்க்கரை அந்த வார்டின் மூத்த நர்ஸ். யாரிடமும் அதிர்ந்து பேசாதவள், ஊசி போடும்போதுகூட ‘ஒண்ணுமில்ல கண்ணு’ என்று கொஞ்சுகிறவள். அதனால் வந்த பட்டப்பெயர். கட்டுக் கட்டுவதில் கட்டக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சீடப்பிள்ளை.

கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு கட்டக்கா திரும்பி வந்தபோது பட்டறைக்காரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் வலது கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் ஒன்றாக, பந்து போல, அழகாக இறுக்கிக் கட்டியிருந்தது. பலகையைக் காணோம். தெரியாதவர்கள் பார்த்தால் பிரமாதமான கட்டு.

சர்க்கரை பின்னாலேயே வந்து நின்றாள்.

“நீங்க எதுவும் பாக்கலக்கா. நான் பாத்துக்கிட்டேன்.”

“என்னடி பண்ணி வச்சிருக்க?”

“என் மகளை அடிச்சவன் கை இன்னைக்கும் நல்லாத்தான் இருக்குக்கா. அவதான் இல்ல.” அவள் குரல் எப்போதும் போல மெதுவாகவே இருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும். ஒட்டிக்கும். அப்புறம் பாப்பா நிம்மதியா இருப்பா.”

சர்க்கரையின் மகள் செத்துப்போனது எல்லாருக்கும் தெரியும். எப்படிச் செத்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கட்டக்கா வாயைத் திறக்கவில்லை. திட்டவும் இல்லை, கட்டைப் பிரிக்கவும் இல்லை. வந்த வழியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்வரை அங்கே தங்கியிருந்த பாப்பா, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் ஒரு கை முகத்துக்கு முன்னால் மறைப்பாக நின்றது. தையல்காரர் மெஷினில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், மிதித்தால் சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டு எழுகிறாளாம். கட்டக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரல்கள் ஒட்டிப்போகட்டும் என்று மனசாரச் சொன்னாள். அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மறுநாளும் அவள் பிரிக்கவில்லை. கண்டும் காணாமல் அந்தப் படுக்கையைத் தாண்டிப் போனாள். நடைவழியில் சர்க்கரை அவள் முழங்கையைப் பிடித்து, ஓரத்துப் படுக்கையைக் கண்ணால் காட்டினாள். அடுப்பு வெடித்து இரண்டு கையும் வெந்துபோன ஒரு வண்டிக்காரன் அங்கே கிடந்தான்.

“அவனும் லேசுப்பட்டவன் இல்லக்கா. பாக்க வர்ற பொண்டாட்டி அவன் பக்கத்துல போகவே பயப்படுறா. நான் பாத்துட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு.

கட்டக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வண்டிக்காரனின் மனைவி வெந்த கையின் நாற்றத்துக்குப் பயப்படலாம், ஆஸ்பத்திரிக்கே பயப்படலாம், யார் கண்டது? நேற்று ஒரு கைக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இன்றைக்கு இன்னொரு கை, அது இன்னும் விரல் விரலாகத்தான் கட்டியிருந்தது. தண்டனை கொடுக்கிற கருவியாக இருப்பது அவள் சொல்லிக்கொடுத்த பாடம். அவள் வாய் திறக்காததுதான் அனுமதி.

“தள்ளுடி” என்று சர்க்கரையை இடித்துத் தள்ளிக்கொண்டு பட்டறைக்காரன் படுக்கைக்கு ஓடினாள்.

கட்டு உள்ளே காய்ந்து சதையோடு பிடித்திருந்தது. வலி ஊசி போட்டும் போதவில்லை. நனைத்து நனைத்துப் பிரித்ததில் பச்சை சதையில் விரலும் விரலும் ஒட்டத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அதை அவள் தன் நல்ல கையால் மெல்ல மெல்ல விலக்கினாள். விலக்கிய இடமெல்லாம் ரத்தம். பட்டறைக்காரன் ஆடு போல அலறினான். அவள் பழிவாங்குகிறாள் என்றே அவன் நினைத்தான். அடிபட்ட தோளைப் பார்த்து உதைத்தான், முகத்தில் துப்பினான், அவள் தாயை இழுத்துப் பேசினான். எச்சில் கன்னத்தில் வழிய அவள் அடிபட்ட கையையும் தொட்டிலிலிருந்து விடுவித்து, நாலு இடைவெளியிலும் துணி வைத்து, விரல் விரலாகச் சுற்றிப் பலகையில் கட்டி முடித்தாள். அவன் வாழ்க்கையில் அவனுக்கு யாரும் செய்யாத உபகாரத்தை அவள் செய்துகொண்டிருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

பிறகு டாக்டரிடம் போய் நின்றாள். “தப்பாக் கட்டியிருந்துச்சு டாக்டர். தெரிஞ்சே கட்டினது. நேத்தே பாத்தேன், நானும் பிரிக்கல.”

விசாரணை நடந்தது. கட்டக்காவுக்குக் கண்டிப்பு, சர்க்கரைக்கு வேலை போனது. போகிற அன்று சர்க்கரை யாரிடமும் அழவில்லை. வாசலில் கட்டக்காவைப் பார்த்து, “பாப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தீக்காய வார்டில் கட்டக்காவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால் பதில் வரும், கேட்காமல் ஒரு வார்த்தை வராது.

டாக்டர் தோல் ஒட்டினார். ஒட்டிய தோல் பிடித்தது. கட்டக்கா தினமும் அந்த விரல்களை மடக்கி நீட்டிப் பழக்கினாள், அவன் அழுதாலும் விடவில்லை. வீட்டுக்கு அனுப்புகிற சமயத்தில் தையல்காரர் அளவைப் பார்த்துவிட்டு, “இவனுக்குமா?” என்று கேட்டார். “இவனுக்கும்தான்” என்றாள். அவர் கையுறை தைத்துக் கொடுத்தார். அவன் வந்து வாசலில் நின்று இரண்டு நல்ல வார்த்தை சொன்னான், பாப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனோடு போய்விட்டாள். கட்டக்கா தடுத்துப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், வாசலில் விழுந்து காலைக்கூடப் பிடித்தாள். “கை சரியாயிடுச்சேக்கா, கோபமெல்லாம் போயிடும்” என்றாள் பாப்பா.

சில மாதங்கள் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். கட்டக்காவின் புறநோயாளி அறை சின்னது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு ஸ்டூல். கதவு திறந்திருக்க, வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். பாப்பாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, கட்டக்கா அவன் கையை மேஜைமேல் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். தழும்பு தட்டையாக இருந்தது. மூட்டுகள் இழைத்த மாதிரி மடங்கின.

“முழுசா மடக்குங்க.”

அவன் மடக்கினான். முஷ்டி முழுசாக மூடியது. டாக்டர் பார்த்திருந்தால் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

“எப்படி அண்ணி? பட்டறையில பழைய மாதிரி வேலை செய்யறேன்.”

கட்டக்கா தங்கையைப் பார்த்தாள். வேர்த்து ஊற்றுகிற வெயிலில் மணிக்கட்டுவரை மூடிய சட்டை. எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினாள். மேல்கையில் ஓர் அறையின் அச்சு புதிதாக, சிவப்பாக இருந்தது. நாலு விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. நடுவில் தெளிவான இடைவெளிகள். அந்த இடைவெளிகளைத் துணி வைத்து, எச்சிலும் உதையும் வாங்கிக்கொண்டு உண்டாக்கியது யார் என்று அவளுக்குத் தெரியாதா?

“பாப்பா, நீ இவன்கூடப் போகப் போறதில்ல.”

“அண்ணி, கட்டுப் போடுறதோட நிறுத்திக்கங்க” என்று அவன் எழுந்தான்.

“நீ வெளிய போடா நாயே.”

வார்த்தை முடியவில்லை. அவன் வலது முஷ்டி அவள் தாடையில் இறங்கியது. அவள் சுவரில் மோதிச் சரிந்தாள், வாயில் ரத்தம் பொங்கியது. வெளியே வரிசை அலறியது. அவன் அந்தக் கையை மேஜைமேல் ஊன்றிக் குனிந்து, “இன்னொரு தடவை என் குடும்பத்துல தலையிட்டே...” என்று ஆரம்பித்தான்.

பாப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அதன் இரண்டு காலைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். இரும்பு வட்டம் மேஜைமேல் இருந்த கையில் இறங்கியபோது காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவன் கையை இழுப்பதற்குள் மறுபடி ஒன்று. அப்புறம் அவன் தரையில் உருண்டான். அவள் ஸ்டூலைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு வாங்கியது.

கட்டக்கா தவழ்ந்துபோய் அந்தக் கையைப் பார்த்தாள். பழக்கதோஷம், என்ன செய்ய? திருப்பி, ஓரம் பார்த்து, தழும்பு பார்த்தாள். ஒட்டிய தோல் ஓர் இடத்தில்கூடக் கிழியவில்லை.

“தோலு நல்லாத்தான் இருக்கு” என்றாள், ரத்தத்தைத் துப்பிவிட்டு. “எலும்பு என் வேலை இல்ல. எலும்பு டாக்டரைக் கூப்பிடுங்க.”

இன்ஸ்பெக்டர் இந்த முறை ஓடிவந்தார். பெண்டாட்டியை அடித்தால் குடும்ப விவகாரம், வேலையில் இருக்கிற நர்ஸை அடித்தால் குற்றம். பட்டறைக்காரனை எலும்பு வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், படுக்கையோடு விலங்கு மாட்டினார்கள். அவன் கை எப்படி உடைந்தது என்று இன்ஸ்பெக்டர் வரிசையில் நின்றவர்களைக் கேட்டார்.

“ஸ்டூல் விழுந்துச்சு சார்” என்றார் ஒரு கிழவர். “ஆமா, தானா விழுந்துச்சு” என்றாள் கட்டுப் போட்ட காலோடு நின்ற ஒருத்தி. மொத்த வரிசையும் தலையாட்டியது. அவர் கட்டக்காவிடம் திரும்பினார். தாடையில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு அவள் தங்கையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பாப்பா போவாள். பொய்யைச் சொன்னால் சர்க்கரையை எதற்கு அனுப்பினாள்?

“தானா விழல” என்றாள் பாப்பா.

குரல் உடைந்திருந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. கட்டக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள், அவள் விலக்கிக்கொண்டாள்.

“நான்தான் அடிச்சேன் சார். ரெண்டு தடவை. எழுதிக்கங்க. ஏன் அடிச்சேன்னும் சேத்து எழுதிக்கங்க.” சொல்லிக்கொண்டே சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். “இங்கேருந்து ஆரம்பிங்க. முதுகுல இருக்கிறதை எல்லாம் எங்க அக்கா படிச்சுச் சொல்லுவா, அவளுக்கு அது தெரியும்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கட்டக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து, தங்கையின் பக்கத்தில் நின்று, மேலிருந்து தொடங்கினாள்.